வேடியப்பன் அனுப்பிய சொல்

திரிப்போலி விமான நிலையத்தில் எனக்கு எரிச்சல் மூட்டியவர்கள் நிறையப் பேர். அதில் முதல் ஆள் வேடியப்பன்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நான் அவரைப் பற்றி உருகுவதைப் பார்த்து, ஆரம்பம் முதலே நான் நல்லவனாக இருந்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நான் துரைக்கண்ணு. ஊர் கணியம்பாடி. ஐ.டி.ஐ. படித்த எலக்ட்ரீஷியன். 1979இல் லிபியாவுக்குப் போனேன். தலைநகரம் திரிப்போலி கடலோரம் இருக்கிறது. விமான நிலையமோ ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, வெட்டவெளியில். புதுக் கட்டடம் திறந்து அதிக நாள் ஆகவில்லை. பெட்டிகளைச் சுமந்து வரும் ரப்பர் பட்டை நின்றுவிட்டால் கூப்பிடு துரைக்கண்ணுவை. கூரை விளக்கு கண் சிமிட்டினால் கூப்பிடு துரைக்கண்ணுவை. பலகைகளில் எல்லாம் அரபி, ஓர் எழுத்து ஆங்கிலம் கிடையாது. பத்தாவது தேறிய நானும் கைநாட்டு வைக்கும் வேடியப்பனும் அங்கே ஒன்றுதான். இரண்டு பேருக்கும் கக்கூஸ் எந்தப் பக்கம் என்று தெரியாது.

விமான நிலையத்துக்கும் நகரத்துக்கும் நடுவே இருந்த சாலையை அப்போது அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கம்பெனிக்குக் கல் வேலைக்கு ஆள் வேண்டுமென்று வேலூரிலிருந்து ஓர் ஏஜென்ட் ஜவ்வாது மலை வரை ஏறிப்போய்ப் பிடித்து வந்த ஆள் வேடியப்பன். இலவமரத்தூர் என்று பதினாறு வீடு உள்ள ஊர். மலைச் சரிவில் மண் கரையாமல் இருக்க, சுண்ணாம்பு இல்லாமல் கல்லோடு கல் பொருத்திக் கரை கட்டுவார்களே, அந்த வேலை அவருக்குக் கை வந்தது. அதே வேலையை ஆப்பிரிக்காவில், சாலையோரப் பாலங்களின் சரிவில் செய்தார். மேஸ்திரி ஒரு துருக்கிக்காரன். வேடியப்பன் பொருத்திய கல்லைக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்துவிட்டு அசையவில்லை என்று சிரிப்பான். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு. கம்பெனிக்காரர்கள் தங்கவைத்த கூடாரத்தில் தமிழ் பேசும் வேறு ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. பம்பாய் பக்கம் போகும் கூலிக்காரர்கள் மூட்டை முடிச்சோடு புறப்படும் நாளும் அதுதான். அன்றைக்கு வேடியப்பன் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, சிமென்ட் லாரியிலோ, ஆறு பேரை அடைத்துக்கொண்டு போகும் டாக்ஸியிலோ ஏறி விமான நிலையத்துக்கு வந்துவிடுவார். புறப்பாட்டு வாசலில் நின்றுகொண்டு, நம்ம நிறத்தில் யார் வந்தாலும் குறுக்கே போய்க் கேட்பார்.

"போளூர் பக்கமா போறீங்க?"

பஞ்சாபிக்காரன் விலகிப் போவான். கேரளாக்காரர் சிரித்துக்கொண்டே போவார். போலீஸ்காரன் இரண்டு முறை கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டான். மூன்றாவது முறை நான் ஏணிமேல் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தேன். காதில் "போளூர்" என்று விழுந்ததும் ஏணியிலிருந்து விழாதது என் அதிர்ஷ்டம்.

"யோவ், இன்னாய்யா இது? பிச்சை எடுக்கறியா?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஏழு மாதம் கழித்துத் தன் ஊர்ப் பேச்சைக் கேட்கிறவன் முகம் அது. கண் கலங்கிவிட்டது. நான் திட்டியதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

"இல்லீங்கண்ணா. வூட்டுக்கு ஒரு சொல்லு அனுப்பணும்" என்றார்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அவர்கள் ஊரில் ஒரு வழக்கம். மலையிலிருந்து கீழே இறங்குகிறவன் யாராக இருந்தாலும், எந்தப் பக்கம் போகிறவனாக இருந்தாலும், அவனிடம் சொல் கொடுத்து அனுப்பலாம். மாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. வாங்கியவன் உரிய ஆளின் எதிரில் நின்று சொல்லி முடிக்கும்வரை அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. கேட்டவர், கொண்டுவந்தவருக்கு ஒரு படி சாமை கொடுத்து, "கேட்டுக்கிட்டேன்னு சொல்லுங்க" என்று பதில் அனுப்ப வேண்டும். அந்தப் பதில் வந்தால்தான் சொல் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு.

இரண்டு பாதை கூடும் இடத்தில் காத்திருந்தால் யாராவது வருவார்கள், சொல்லி அனுப்பலாம். இதுதான் அவருக்குத் தெரிந்த தபால். விமான நிலையத்தைப் பார்த்ததும், பாதை கூடும் இடங்களிலேயே பெரியது இதுதான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். வழியைக்கூட மனப்பாடம் செய்து வைத்திருந்தார். ஏர்போர்ட், பம்பாய், அங்கேயிருந்து மெட்ராஸ் ரயில், அரக்கோணத்தில் இறங்கு, காட்பாடி, அங்கே போளூர் வண்டி பிடி, சந்தவாசல், பிறகு நடை. யாரோ ஒரு தெலுங்குக்காரரிடமும், மராட்டிக்காரரிடமும், பாவம், ஒரு பங்களாதேஷ்காரரிடமும் இதை ஒப்பித்துச் சொல் கொடுத்து அனுப்பியிருக்கிறார். எல்லோரும் தலையாட்டினார்களாம்.

"அது மலைடா! இது ஏர்போர்ட்! ஒருத்தனும் போய்ச் சொல்ல மாட்டான். நான் லெட்டர் எழுதித் தர்றேன், போடு" என்று கத்தினேன்.

அவர் பயந்துபோனார். காகிதம் மட்டும் வேண்டாம் என்றார். மூங்கில் வெட்டிய வழக்கில் ஒருமுறை அவர் பெயருக்குக் காகிதம் வந்து, போளூரில் பதினைந்து நாள் உள்ளே இருந்திருக்கிறார். இலவமரத்தூருக்கு அதுவரை வந்த காகிதம் எல்லாமே கோர்ட்டுக் காகிதம்தான். படிக்கத் தெரிந்தவர் ஊரில் ஒருவரும் இல்லை. படிக்கச் சொல்லிக் கீழே எடுத்துப்போனால் எடுத்துப்போனவனைப் பிடித்துக்கொள்வார்கள் என்று நம்பிக்கை. "காகிதத்தப் பாத்தா வடிவு நடுங்கிப்பூடுவாண்ணா" என்றார்.

வடிவு அவர் மனைவி. கல்யாணமாகி ஒரு வருடத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். இன்னொன்றும் சொன்னார். புருஷன் போய் மூன்று சாமை அறுப்பு முடிந்தும் அவனிடமிருந்து சொல் வரவில்லை என்றால், ஊர்க்கவுண்டர் அந்தப் பெண்ணை விடுவித்துவிடுவார். அவள் வேறு வீட்டுக்குப் போகலாம். அதில் தப்பில்லை, தனியாக ஒரு பெண் மலைக்காட்டில் எத்தனை வருடம் கொல்லையைக் கட்டிக் காப்பாள்?

அன்றிலிருந்து வெள்ளிதோறும் என்னைத் தேடி வருவார். நான் கேண்டீனில் வாங்கும் மக்ரோனியை இரண்டு பேரும் தின்போம். பெரும்பாலும் பேச்சு வடிவைப் பற்றித்தான். இல்லாவிட்டால் கிழக்குக் கொல்லை என்று அவர் சொல்லும் மேட்டு நிலத்தைப் பற்றி. எனக்கு அலுத்துவிடும். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை அவர் வராமல் போனால் எனக்கும் நாள் நகராது. அந்த ஊரில் எனக்கும் வேறு யாரும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது.

1981 புரட்டாசியில் எனக்கு ஒரு மாத லீவு கிடைத்தது. அவருடைய மூன்றாவது அறுப்புக்கு இன்னும் மூன்று மாதம். வேடியப்பன் புறப்பாட்டு வாசலில் என் எதிரில் நேராக நின்றுகொண்டு, கையைக் கட்டிக்கொண்டு சொல் கொடுத்தார்.

"உசுரோட கீறேன். கெழக்குக் கொல்லைய சும்மா வுட்டுடு, நான் வந்து ஓட்டுறேன். இதாண்ணா சொல்லு. இத அவகிட்ட சொல்லிடுங்க. நீங்க பதிலோட வந்தா இன்னும் ஒரு வருசம் இருந்துட்டுப் போவேன். பதில் இல்லன்னா அடுத்த பிளேன்லயே கெளம்பிடுவேன். அறுப்புக்குள்ள போய்ச் சேந்துடலாம்."

சரி என்று தலையாட்டினேன். தெலுங்குக்காரரும் இப்படித்தான் தலையாட்டியிருப்பார்.

ஊருக்கு வந்தேன். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள், வீட்டுக்கு ஓடு மாற்றினார்கள், விருந்து, சினிமா. லீவு முடிய நான்கு நாள் இருக்கும்போதுதான் நினைவு வந்தது. மனசாட்சி உள்ளவன்தான் நான். சந்தவாசல் வரைக்கும் போனேன். ரோம் விமான நிலையத்தில் வாங்கிய புது ஷூ காலில். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதை எது என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன். அவர் என் காலைப் பார்த்துவிட்டு, "நாலு மணி நேரம் ஏறணுங்க. ஓடையில தண்ணி வந்துட்டா இன்னும் ஆவும்" என்றார். ஷூவைப் பார்த்தேன். மழையைப் பார்த்தேன். இரண்டாவது டீ குடித்தேன்.

எதிரிலேயே தபாலாபீஸ். ஓர் இன்லண்ட் லெட்டர் வாங்கி, வடிவு, வேடியப்பன் மனைவி, இலவமரத்தூர் என்று விலாசம் எழுதி, அவர் சொன்னதை அப்படியே எழுதி, ஒட்டிப் பெட்டியில் போட்டேன். காகிதம் வேண்டாம் என்று அவர் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. இதெல்லாம் மலைக்காரர்களின் மூடநம்பிக்கை, யாராவது படித்துச் சொல்லாமலா போவார்கள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஷூ நனையாமல் வீடு வந்து சேர்ந்தது.

திரும்பிப் போனபோது வேடியப்பன் வருகை வாசலில் நின்றுகொண்டிருந்தார். வேலை நாள். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"சொன்னீங்களாண்ணா?"

போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அடுத்த விமானத்தில் ஏறியிருப்பார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. இரக்கம் என்று அப்போது நினைத்தேன். வெட்கத்துக்குப் பயந்த கோழைத்தனம், வேறொன்றுமில்லை.

"சொல்லிட்டேன்யா."

"இன்னா சொன்னா?"

"கேட்டுக்கிட்டேன்னு சொல்லச் சொன்னாங்க."

இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல் வேலை செய்த கை, மரக்கட்டை மாதிரி இருக்கும். படி சாமை கொடுத்தாளா என்று கேட்டார். கொடுத்தாள், வீட்டில் சமைத்துச் சாப்பிட்டோம் என்றேன். ஒரு பொய் சொன்னால் அதற்குச் சோறும் போட வேண்டியிருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் வாசலில் நின்று யாரையும் மறித்ததில்லை. நிம்மதியாக இன்னும் ஒரு வருடத்துக்குக் கைநாட்டு வைத்தார். 1982 கடைசியில் அவரை நான்தான் வழியனுப்பினேன். வடிவுக்கு ஒரு பச்சைப் போர்வை வாங்கி வைத்திருந்தார். போகும்போது திரும்பி, "நீங்க யாருக்காச்சும் சொல்லு அனுப்பணுமாண்ணா?" என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்றேன். உண்மையும் அதுதான்.

நான் 1985இல் மொத்தமாகத் திரும்பி வந்தேன். ஒரு நாள் மோட்டார் வாங்கப் போளூர் போயிருந்தபோது, சந்தையில் புளி மூட்டைக்குப் பின்னால் வேடியப்பன் உட்கார்ந்திருந்தார். மூன்று வருடத்தில் ஆள் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நல்லா கீறீங்களாண்ணா?"

வடிவைப் பற்றிக் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

வேடியப்பன் வந்து சேர்ந்தபோது வடிவு லட்சுமணன் என்பவரின் வீட்டில் இருந்தாள். மூன்றாவது அறுப்பு முடிந்து ஊர்க்கவுண்டர் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார், சொல் வந்ததா என்று. வரவில்லை என்றாள். ஐந்து மாதம் கழித்து லட்சுமணன் கேட்க, போய்விட்டாள். இவர் போய் நின்றதும் ஊர் கூடியது. இவர் என்ன சொன்னார் தெரியுமா?

"எங்க தொரக்கண்ணு அண்ணன் நேர்ல போய்ச் சொன்னாரு, கேட்டுக்கிட்டேன்னு பதில் சொன்னா, சாமையும் குடுத்தா, இப்ப இவ பொய் சொல்றான்னு சொன்னேண்ணா. அவ அழுதா. யாரும் வரலன்னு சத்தியம் பண்ணா. நான் நம்பல."

அந்த ஊரில் வந்த சொல்லை மறைப்பதைவிடப் பெரிய குற்றம் இல்லை. மறைத்தவள் கையால் யாரும் விதை வாங்க மாட்டார்கள். விதைப்பு நாளில் பெண்கள் மாற்றி மாற்றி விதை கொடுத்து வாங்குவார்கள்; வடிவு மட்டும் தன் கூடையோடு தனியாக நிற்பாள். மூன்று வருடமாக இதுதான். லட்சுமணன் நல்ல மனுஷன், ஒன்றும் சொல்வதில்லை. வேடியப்பன் கிழக்குக் கொல்லையில் குடிசை போட்டுக்கொண்டு தனியாக இருந்தார். ஊரில் யாரிடமும் பேச்சு இல்லை. மனைவியை நம்பாமல் என்னை நம்பிய மனிதர் அவர்.

சந்தை இரைச்சலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடை, மழை, ஷூ, இன்லண்ட் லெட்டர், சமைத்துச் சாப்பிட்ட சாமை. அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் குனிந்து புளி மூட்டையின் வாயைக் கட்டினார். கட்டி முடிக்க வெகுநேரம் பிடித்தது.

"அப்படின்னா அந்தச் சொல்லு இன்னும் உங்ககிட்டதான் கீது" என்றார். "வந்து எறக்கிடுங்கண்ணா."

மறுநாள் காலை சந்தவாசலில் காத்திருந்தார். ஏறினோம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஓடையில் தண்ணீர் ஓடியது. குனியப் போனேன், பிறகு குனியவில்லை. அவர் குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில்தான் குடிக்கக் கூடாது, ஓடையில் குடிக்கலாம் என்றும் எனக்குத் தெரியும். இருந்தாலும் என்னால் குடிக்க முடியவில்லை.

இலவமரத்தூர் எல்லையில் வேலி ஓரம் அவர் நின்றுவிட்டார். "அந்த வூடு வேற ஆளு வூடு. நான் வரக்கூடாது. நீங்க போங்க."

வடிவு வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை பக்கத்தில். எதிர் வீட்டில் இரண்டு பெண்கள் உரலில் குத்திக்கொண்டிருந்தார்கள். நான் யாரென்று சொன்னதும் வடிவின் கையில் முறம் நின்றது. எதிர் வீட்டு உலக்கையும் நின்றது. அவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே பேசினேன்.

"நான் அப்போ வரலம்மா. கீழேயே திரும்பிப் போய்ட்டேன். வந்து சொன்னேன்னு அவர்கிட்ட பொய் சொன்னேன். உன் மேல தப்பே இல்ல. நீ சொன்னதுதான் நெசம். சொல்லு இப்பதான் வருது."

திரிப்போலியில் வேடியப்பன் என் எதிரில் நின்றது போலவே கையைக் கட்டிக்கொண்டேன்.

"உசுரோட கீறேன். கெழக்குக் கொல்லைய சும்மா வுட்டுடு, நான் வந்து ஓட்டுறேன்."

நாலு வருடம் கிடந்து கெட்டுப்போன சொல். கேட்கிறவளுக்குக் கொல்லையும் இல்லை, அந்த வீடும் இல்லை.

வடிவு உள்ளே போனாள். கூரைச் செருகலிலிருந்து எதையோ உருவும் சத்தம் கேட்டது. புகை படிந்து கறுத்த ஓர் இன்லண்ட் லெட்டரோடு வந்தாள். பிரிக்கப்படவே இல்லை.

"இதுவும் நீங்க போட்டதுதானாண்ணா?"

"ஆமாம்மா."

"கேசு காகிதம்னு நெனச்சிட்டேன். யாருக்கும் காட்டல. காட்டினா அவரு வந்ததும் புடிச்சிகினு பூடுவாங்கன்னு ஒளிச்சி வச்சேன். வூடு மாறி வந்தப்பகூட உட்டுட்டு வர பயமா இருந்துச்சி."

நான் அதை வாங்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை. மறுபடி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு படியை எடுத்து, முறத்திலிருந்து சாமையைத் தலை தட்டாமல் நிரப்பினாள். நான் துண்டை விரித்தேன். எதிர் வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். சாமை கொஞ்சம் கீழே சிந்தியது. ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். அவள் நின்ற இடத்திலிருந்து வேலி தெரியும். வேலி ஓரம் நிற்பது யார் என்றும் அவளுக்குத் தெரியும். முப்பது அடி தூரம்தான்; அவள் பேசினால் அங்கே கேட்கும். ஆனாலும் அந்தப் பக்கம் திரும்பாமல், என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"கேட்டுக்கிட்டேன்னு சொல்லுங்க."

சாமை முடிந்த துண்டோடு வேலியை நோக்கி நடந்தேன். வேடியப்பன் ஒரு கல்லைக் கையில் எடுத்து, பக்கத்துக் கல்கரையில் பெயர்ந்திருந்த இடத்தில் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கல்லைக் கீழே வைத்துவிட்டு நேராக நின்றார்.

"கேட்டுக்கிட்டேன்னு சொல்லச் சொன்னாங்கய்யா" என்றேன்.

அவர் என் துண்டிலிருந்த சாமையைப் பார்த்தார். பிறகு என் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நெசமாத்தான் சொன்னாளா?" என்று கேட்டார்.

திரிப்போலியில் அவர் என்னை அப்படிக் கேட்டதில்லை.